டோபி மடுவில் கிடந்த மரம்

கெட்டில் ஓடையின் நான்காவது வளைவில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆம்ப்ரோஸ் டோபியின் மூத்த மகள் மாக்சின், வயது எழுபத்து நான்கு. அவளுடைய தம்பி லெராய். லெராயின் மகள் டானெல். பழங்குடிச் சபையின் மீன் பிரிவில் ஓடை வேலைகளுக்குப் பொறுப்பானவள். அக்கரைக் குடும்பத்து ஹார்வி ஜிம். பொக்லைன் ஓட்டுவதற்கு வெளியூரிலிருந்து வந்த ஸ்டென். ஹார்வியின் நாயும் இருந்தது, அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. தாங்களும் அன்று அங்கே இருந்ததாகப் பிற்பாடு ஏழெட்டுப் பேர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

மாக்சின் மடக்கு நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். ஓடைக்கரைச் சரளையில் ஊன்றுகோலை நட்டு, முதுகை வளைக்காமல் நின்றாள். அவளுக்கு எதிரே, அறுபது ஆண்டுகளாக டோபி மடு என்று பெயர்பெற்ற ஆழம், தண்ணீர் வடிந்து வெறும் குழியாகக் கிடந்தது. வேலைக்காக ஓடையைக் கறுப்புக் குழாயில் திருப்பிவிட்டிருந்தார்கள். கரையில் வேரோடு பிடுங்கிய பெரிய மரங்கள் அடுக்கியிருந்தன. அவற்றை ஓடைக்குள் போடப் போகிறார்கள். அவளுடைய அப்பா ஓடைக்குள்ளிருந்து வெளியே எடுத்துப் போட்ட அதே மாதிரி மரங்கள்.

விஷயம் அப்பாவின் பெயரைப் பற்றியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு மாநில மீன்துறைக்காரர்கள் வரைபடத்தோடு வந்தார்கள். ஓடையில் மரங்கள் விழுந்து அடைத்துக்கொண்டிருக்கின்றன, சால்மன் மீன்கள் முட்டையிட மேலே ஏற முடியவில்லை, எல்லாவற்றையும் அகற்ற வேண்டும் என்றார்கள். ஆம்ப்ரோஸ் டோபி ஆறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே கோடையில் முகத்துவாரத்திலிருந்து அருவி வரைக்கும் ஓடையைத் துடைத்து வைத்தார். மீன்துறை ஒரு நன்றிக் கடிதம் அனுப்பியது. மீனுக்கு வழி திறந்தவர் என்று அதில் எழுதியிருந்தது. கடிதம் சட்டம் போட்டு மாக்சின் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அந்த ஆண்டிலிருந்துதான், ஒவ்வொரு வசந்தத்திலும் ஊரே சேர்ந்து உண்ணும் முதல் சால்மனின் முள்ளை ஏந்திக்கொண்டு போய் நீரில் விடும் செடார் மரத் தட்டு டோபி குடும்பத்தின் கைக்கு வந்தது. ஓடையைத் திறந்தவர்கள் கையால் விடுவதுதான் முறை என்று சபை சொன்னது. முதலில் அப்பா ஏந்தினார். அவருக்குப் பிறகு நாற்பத்தொரு ஆண்டுகளாக மாக்சின் ஏந்துகிறாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டானெல் அவள் சமையலறை மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தபோதுதான் எல்லாம் கலங்கத் தொடங்கியது. நான்காவது வளைவு ஆம்ப்ரோஸின் பங்கு நிலம். அங்கே எதைச் செய்வதானாலும் மாக்சின் கையெழுத்துப் போட வேண்டும்.

"மரமில்லாத ஓடை வெறும் வாய்க்கால் அத்தை. தண்ணி நிக்காம ஒரே ஓட்டமா ஓடுது. சரளையெல்லாம் அடிச்சிட்டுப் போயி அடிப்பாறை தெரியுது. மீன் முட்டை போட சரளை வேணும். குஞ்சு ஒளிஞ்சுக்க நிழல் வேணும். வெயில் காலத்துல குளிர்ந்த மடு வேணும். இது மூணையும் மரந்தான் குடுக்கும்."

"அப்ப மரம் வேணும்ங்கிற."

"ஆமா அத்தை."

"மரம் வேண்டாம்னு அப்பாகிட்ட காகிதம் நீட்டினவங்களும் இந்த மீன்துறைக்காரங்கதானே?"

"இவங்க இல்ல. இவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. அவங்களுக்கு அன்னிக்கு அவ்வளவுதான் தெரிஞ்சிருந்தது."

"எப்ப மனச மாத்திக்கிட்டாங்க?"

"ஒரு முப்பது நாப்பது வருஷம் இருக்கும்."

"எனக்கு ஏன் கடிதம் வரல?"

மாக்சின் வரைபடத்தைப் பார்த்தாள். நீலக் கோட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்புக் குச்சிகள் வரைந்திருந்தன. அப்பா இருந்தால் ரப்பரை எடுத்து அழித்திருப்பார். அது சரியா தவறா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மீன் குறைந்ததற்கு இத்தனை நாள் அவள் மலையில் மரம் வெட்டிய கம்பெனிகளைத் திட்டியிருக்கிறாள், கடலில் வலை போடும் பெரிய படகுகளைத் திட்டியிருக்கிறாள். மீனுக்கு வழி திறந்தவர் என்ற வரியைத் தினமும் தூசி தட்டிக்கொண்டே திட்டியிருக்கிறாள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. ஒரு குளிர்காலம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. டானெல் வற்புறுத்தவும் இல்லை, வருவதை நிறுத்தவும் இல்லை. ஞாயிறுதோறும் ரொட்டி வாங்கிக்கொண்டு வருவாள், வேறு பேச்சுப் பேசுவாள், போகும்போது வரைபடத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவாள்.

கடைசியில் அவளைக் கையெழுத்துப் போட வைத்தவன் ஹார்வி ஜிம். ஊர்க்கூடத்தில் புதன்கிழமைதோறும் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு உண்டு. அன்று மட்டி சூப்பும் பொரித்த ரொட்டியும். ஹார்வி தட்டோடு வந்து அவள் எதிரிலேயே உட்கார்ந்தான்.

"உங்கப்பா மரத்த எடுத்தாரு. இப்ப உன் மருமக மரத்த போடப்போறா. இருந்த எடத்துலயே விட்டிருந்தா இந்நேரம் வேல மிச்சம், மாக்சின்."

"நீ உருப்படியா செஞ்ச வேல ஒண்ணு சொல்லு ஹார்வி, அப்புறம் பேசலாம்."

"எடுத்ததையாவது முழுசா எடுத்தாரா? நாலாவது வளைவுல ஒரு செடாரை இரும்பு வடம் போட்டுக் கட்டி வச்சாரே. எங்கப்பா கண்ணால பார்த்தது. எல்லாத்தையும் கரையில போட்டு எரிக்கணும்னு உத்தரவு. இவரு நல்ல மரமா பாத்து ஒளிச்சு வச்சு, கூரைக்கு மர ஓடு அறுக்கிற மில்லுக்கு வித்துட்டாரு."

மாக்சின் சூப்பை ஒரு வாய் குடித்து முடித்தாள்.

"அங்க வடமும் கிடையாது, மரமும் கிடையாது," என்றாள். "இத நீ அந்த வளைவுல நின்னு, சாட்சி வச்சு சொல்லு. நான் கையெழுத்துப் போடறேன். அவங்க தோண்டட்டும். ஊரு பாக்கட்டும்."

சாட்சி வைத்தல் சின்ன விஷயமில்லை. பெயர் சூட்டும்போதும், இறந்தவரின் உடைமையைக் கொடுக்கும்போதும், சண்டை தீர்க்கும்போதும் வெளிக் குடும்பத்தாரை எழுப்பி நிற்க வைத்து, பெயர் சொல்லி அழைத்து, உள்ளங்கையில் ஒரு வெள்ளி நாணயம் வைப்பார்கள். வாங்கிக்கொண்டவர் அன்று கண்டதைக் கண்டபடி, கேட்டதைக் கேட்டபடி சாகும்வரை சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அழைத்தவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். வழக்கமாக நால்வரை அழைப்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை வளைவில் வெளிக் குடும்பத்தார் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மாக்சின் இருவரையும் அழைத்தாள்.

"ஹார்வி ஜிம்."

ஹார்வி எழுந்து தொப்பியைக் கழற்றினான். "எனக்கு எதிரா என்னையே சாட்சி வைக்கிறியா?"

"நீ வாயாடி. ஆனா பொய்யன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல."

அவன் நாணயத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். அவன் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை.

"ஸ்டென்... உன் முழுப் பேரு என்ன?"

"ஸ்டென் ஹாகன், மேடம்." பொக்லைன்காரன் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எதுக்கு? எனக்குச் சபையிலேயே சம்பளம் குடுத்துடறாங்க."

"கண்ணைத் திறந்து வச்சிக்க. அதுக்கு இது," என்றாள் மாக்சின்.

"மேடம், கண்ணை மூடிக்கிட்டு இந்த வண்டிய ஓட்ட முடியாது."

லெராய் திரும்பி நின்று இருமினான். சிரிப்பை மறைக்க அவனுக்கு எப்போதும் இருமல்தான். ஹார்வி முறைப்படி முன்னால் வந்து, ஊர்க்கூடத்தில் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னான். மாக்சின் அதை மறுத்தாள். வண்டி உறுமியது.

புதிய மரங்களின் அடிப்பகுதியைப் புதைப்பதற்காகக் கரையோரம் ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது. ஸ்டென் நான்கு வாரு வாரினான். ஐந்தாவதில் வாளியின் பல் எதிலோ மாட்டி, வண்டியே ஒரு குலுங்கு குலுங்கியது. அவன் என்ஜினை அணைத்தான். டானெல் குழிக்குள் குதித்துக் கையால் சரளையைத் தள்ளினாள்.

துருவேறி, மணிக்கட்டுப் பருமனில், இரும்பு வடம்.

ஹார்விகூடப் பேசவில்லை, அதுதான் மாக்சினுக்குத் தாங்க முடியவில்லை. வடத்தின் ஒரு நுனி கரையில் நின்ற ஸ்புரூஸ் மரத்தை நோக்கிப் போயிற்று. அங்கே பட்டை வளர்ந்து வடத்தை விழுங்கிவிட்டிருந்தது. மரத்தைச் சுற்றி ஒரு தழும்பு மட்டும் தெரிந்தது. அந்தத் தழும்பை அவள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். இடி விழுந்தது என்று நினைத்திருந்தாள். யார் அப்படிச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டது.

"பாத்தியா," என்றான் லெராய், யாரிடம் என்று தெரியாமல்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள். அப்பா ஒரு மரத்தைக் கட்டியிருக்கிறார். ஹார்வியின் அப்பா பொய் சொல்லவில்லை. அப்படியானால் மில்லும் நிஜமா? மடக்கு நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அவள் உட்காரவில்லை.

"இன்னும் தோண்டு," என்றாள் ஸ்டெனிடம்.

அரைமணி நேரத்தில் மரம் தெரிந்தது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத செடார். கரைக்குள் பாதி புதைந்து, மடுவின் மேல்விளிம்பில் குறுக்காகக் கிடந்தது. தண்ணீருக்கடியில் அறுபது ஆண்டு கிடந்தும் உளுத்துப்போகவில்லை. டானெல் தன் கத்தியால் ஒரு செதில் கிள்ளி மோந்து பார்த்தாள். வாசனைகூடப் போகவில்லை.

"விக்கல," என்றான் ஹார்வி. தனக்குத்தானே சொல்வது போல இருந்தது. "கட்டின எடத்துலயே இருக்கு."

டானெல் மரத்தின் மேல் ஏறி நின்று மடுவைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், மறுபடி மடுவைப் பார்த்தாள். "அத்தை, இந்த மடு எப்படி வந்ததுன்னு எனக்குப் புரியாமயே இருந்தது. நேத்து வேலைக்கு முன்னாடி மீனையெல்லாம் வலை போட்டு எடுத்து மேல விட்டோம்ல? மடுவ விட்டுட்டு இந்த ஒரு மைலுக்கு மொத்தம் பத்தொன்பது வெள்ளிச் சால்மன் குஞ்சு. இந்த மடுவுல மட்டும் இருநூத்தி ஆறு. மரம் தண்ணியத் தடுத்திருக்கு. தண்ணி கீழ பாஞ்சு பள்ளம் பறிச்சிருக்கு. ஓடையில மிச்சம் இருக்கிற மீன் பூரா தாத்தா கட்டின மரத்தாலதான் பொழச்சிருக்கு." அவள் குனிந்து மரத்தைத் தொட்டாள். "தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கு அத்தை. அவங்க எல்லாத்தையும் எடுக்கச் சொல்லியும், ஒண்ண மட்டும் யாருக்கும் தெரியாம விட்டு வச்சிருக்காரு."

லெராய் தொப்பியைக் கழற்றிவிட்டான். எல்லோரும் மாக்சினைப் பார்த்தார்கள்.

அவள் வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடம் செடாரைச் சுற்றித் தன்மேலேயே திரும்பிய இடத்தில், இரண்டு இழையையும் சேர்த்து இறுக்கும் மூன்று கிளாம்ப்கள் இருந்தன. முதல் இரண்டிலும் நட்டுகள் நேராக இறங்கியிருந்தன. மூன்றாவதில் ஒரு நட்டு புரி மாறி, கோணலாக, பாதியில் நின்றிருந்தது.

அவளுடைய வலது கை விரல்கள் குளிரத் தொடங்கின. ஆகஸ்ட் மாத வெயிலில். அந்த நட்டை அவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை, பதினோரு வயது, கையில் அவள் முழங்கை நீளத்துக்கு ஸ்பேனர். அப்பா அவள் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார்? மரத்தைப் பற்றி ஒன்று சொன்னார். அது உதட்டு வரைக்கும் வந்து நின்றது. இன்று காலை வரை வடமே கிடையாது என்று சத்தியம் செய்திருப்பாள். அந்த வடத்தை முடுக்கியதே அவள்தான்.

"அத்தை? உங்களுக்கு எதாச்சும் ஞாபகம் இருக்கா?"

மாக்சின் வாயைத் திறந்தாள். டானெலின் முகம் மழை கழுவிய இலை மாதிரி இருந்தது. ஹார்வி நாணயம் இருந்த சட்டைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வரல," என்றாள்.

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. ஸ்டென் வேலைக்காக வடத்தை அறுத்தபோது, அவள் அந்த மூன்றாவது கிளாம்பைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

*

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஒரு வாரத்தில் ஊர்ப் பேச்சில் ஆம்ப்ரோஸ் டோபி மீனின் மனம் அறிந்தவர் ஆனார். இரண்டு வாரத்தில் மீன்துறைக்காரர்களை முகத்துக்கு நேரே எதிர்த்தார். செப்டம்பர் முடிவதற்குள் ராத்திரியோடு ராத்திரியாகத் தனி ஆளாய் மரத்தை உருட்டிக் கட்டிவிட்டு, கையில் துப்பாக்கியோடு காவலும் இருந்தார். கடையில் மாவு வாங்கப் போனால் மாக்சினைக் கும்பிடாத குறை. பழங்குடியின் செய்தித்தாளில் அப்பாவின் படம் வந்தது. அவள் வேண்டியது இதுதானே? அப்பாவின் பெயர் இத்தனை உயரத்தில் எப்போதும் இருந்ததில்லை. தட்டை இனி யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

ஆனாலும் தினமும் கடிதத்தின் முன் நிற்பாள். மீனுக்கு வழி திறந்தவர். மரமெல்லாம் எடுத்ததற்காக ஒரு பெருமை, ஒரு மரத்தை விட்டதற்காக இன்னொரு பெருமை. இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும்? ஒன்று சரியென்றால் மற்றது தவறாக வேண்டும். எது எது என்று யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது. கிளாம்பை மேசையில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. முதலில் மழையின் சத்தம். பிறகு அப்பாவின் ரப்பர் காலணி. கடைசியாக அவர் சொன்ன வாக்கியம் வந்தபோது, வந்ததா, தானே இட்டுக்கட்டிக்கொண்டதா என்று சந்தேகப்பட்டாள். கோணல் நட்டைத் தடவிப் பார்த்தாள். நட்டு அப்படியேதான் இருந்தது. அவள் அதை இட்டுக்கட்டவில்லை.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, ஊர்க்கூடத்தில் பக்கத்து மேசையில் யாரோ ஹார்வியைச் சீண்டினார்கள். "என்ன ஹார்வி, துப்பாக்கியோட நின்னாராமே ஆம்ப்ரோஸ்? நீதான் சாட்சியாச்சே, சொல்லேன்."

ஹார்வி கரண்டியைக் கீழே வைத்தான்.

"வடம் இருந்துச்சு. மரம் இருந்துச்சு. மரத்த அவரு விக்கல. வித்தாருன்னு நான் சொன்னது தப்பு, எங்கப்பா சொன்னதும் தப்பு. ஏன் கட்டினாருன்னு எனக்குத் தெரியாது. துப்பாக்கிய நான் பாக்கல."

"அவ்வளவுதானா?"

"நாணயம் வாங்கிட்டேன். அவ்வளவுதான்."

மாக்சின் அன்று ரொட்டியைத் தொடவில்லை. வாயாடி ஹார்வி ஜிம், ஊரில் ஒருவரையும் விடாமல் பட்டப்பெயர் வைத்துவிடும் ஹார்வி ஜிம், தன் அப்பாவின் சொல்லையே தவறு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு சூப் குடிக்கிறான். அழைத்தவள் அவள். அவள் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறாள்.

நவம்பர் மழையில் வெள்ளிச் சால்மன்கள் ஏறின. புதிய மரங்களைச் சுற்றிச் சரளை ஒதுங்கத் தொடங்கியிருந்தது. டானெல் நான்காவது வளைவில் பதினொரு முட்டைப் படுகைகளை எண்ணினாள். சபை ஒரு சாப்பாடு வைத்தது. ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. முன்மேசையில் செடார்த் தட்டு. அதன் பக்கத்தில், வளைவில் நடுவதற்காக டானெல் எழுதி வைத்திருந்த பலகை: டோபி மடு. மீன்களுக்காக ஆம்ப்ரோஸ் டோபி காத்த மரம் இங்கே கிடக்கிறது.

சபைத் தலைவி மாக்சினைப் பேச அழைத்தாள். மாக்சின் எழுந்து கிளாம்பைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். இரும்பு மேசையில் பட்ட சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"எங்க வீட்டுல யாரும் விளக்கம் சொல்ற வழக்கம் இல்ல," என்றாள். "இன்னிக்கு சொல்றேன். ஹார்வி, எழுந்து நில்லு. நீ கேக்கணும்."

ஹார்வி எழுந்து நின்றான்.

"அந்த மரத்தையும் எடுக்கத்தான் அப்பா போனாரு. பாதி பெயர்த்தாச்சு. சனிக்கிழமை சாயங்காலம் மீன்துறைக்காரங்க மரம் இழுக்கிற வின்ச் வண்டிய ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மழை பிடிச்சுக்கிச்சு. வெள்ளம் வந்தா மரம் அடிச்சிட்டுப் போகும். முந்நூறு அடி கீழ, மீன புகையில காய வைக்கிற ஜிம் வீட்டுப் புகைக்குடில் கால் நட்டு நிக்குது. குளிர்காலத்து மீன் பூரா அதுல தொங்குது. அதனால கட்டினாரு. கிளாம்பை முடுக்கினது நான். இதோ இந்த நட்டைக் கோணலாப் போட்டதும் நான்தான். 'போதும் விடு, வசந்தத்துல எப்படியும் வெட்டி எடுத்துடுவோம்'னு சொன்னாரு. வெட்டி எடுக்கறதாத்தான் இருந்தாரு. வசந்தத்துல அலாஸ்காவுக்கு மீன் ஆலை வேலைக்குப் போயிட்டாரு. திரும்பி வந்தப்ப வேல முடிஞ்சுபோச்சுன்னு காகிதம் வந்திருந்தது. யாரும் கேக்கல. அவரும் போகல. ஏன் போகலன்னு எனக்குத் தெரியாது. மறந்தாரோ, என்னவோ."

டானெல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க குடிலுக்காகவா?" என்றான் ஹார்வி.

"உங்க குடிலுக்காக."

"இத ஏன் எங்கப்பாகிட்ட சொல்லல அவரு? அறுபது வருஷமா திருடன்னு சொல்லிக்கிட்டு இருந்தோமே."

"உங்கப்பா கேக்கல."

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு பலர் சிரித்தார்கள். ஹார்வி சிரிக்கவில்லை. அவன் தன் தலையை மெதுவாக ஆட்டினான். "கேட்டேன். கேட்டபடி சொல்வேன்," என்றான். முறையான பதில் அதுதான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் மாக்சின். தட்டின் விளிம்பில் கை வைத்தாள். "ஓடையத் திறந்தவர் வீட்டுக்குன்னு இந்தத் தட்டைக் குடுத்தீங்க. அவரு திறந்ததாலதான் ஓடை கெட்டுதுன்னு என் மருமக சொல்றா. படிச்சவ, பொய் சொல்ல மாட்டா. சொன்னதத்தான் அவரு செஞ்சாரு, நல்லா செஞ்சாரு, நல்லா செஞ்சதுதான் கெடுதல். இத எப்படி வச்சிக்கிறதுன்னு எனக்குப் புரியல. புரியும்னு காத்திருந்தேன், புரியவே இல்ல. உங்களுக்குப் புரிஞ்சா சொல்லுங்க. தட்டு இங்க இருக்கு. வேணும்ங்கிற வீட்டுக்காரங்க எடுத்துக்கலாம்."

அவள் உட்கார்ந்தாள். அன்று முதல் முறையாக முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

சால்மன் பரிமாறினார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். தட்டைத் தாண்டித் தாண்டிப் போய் உருளைக்கிழங்கு எடுத்தார்கள், காபி எடுத்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை. மரியாதையாலா, தயக்கத்தாலா, சாப்பாட்டு நேரத்தில் கை காலியாக இல்லாததாலா என்று மாக்சினுக்கு விளங்கவில்லை. ஒரு முறை ஹார்வி அதன் அருகில் போய் நின்றான். அவன் கிளாம்பை எடுத்து, கோணல் நட்டைக் கட்டைவிரலால் திருக முயன்று பார்த்து, மறுபடி வைத்தான்.

"முடுக்கத் தெரியல உனக்கு," என்றான் அவளைத் தாண்டும்போது.

"பதினொரு வயசு எனக்கு."

"அதுக்குத் தாங்கிச்சே. எங்க குடில் போன வருஷம் வரைக்கும் நின்னுச்சு." பிறகு, குனிந்து, மெல்ல: "தட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, மாக்சின். இந்தக் கூடத்துக் கூரை ஒழுகும், நனையப்போவுது."

தட்டைக் கூடத்திலிருந்து வண்டிக்கு லெராய்தான் தூக்கி வந்தான். டானெல் பின்னாலேயே பலகையோடு வந்தாள். மாக்சின் பலகையைத் தன் மடியில் வைக்கச் சொன்னாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் இரண்டு வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டு மீதியை அடித்தாள்.

"வருத்தமா?" என்றாள் மருமகளிடம்.

"தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் அத்தை."

"நானும் ரெண்டு மாசம் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். நல்லாத்தான் இருந்தது."

பலகை இப்போது நான்காவது வளைவில் இருக்கிறது. இரண்டே வார்த்தைகள்தான் அதில். என்றாலும், மரம் மீனுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே அறிந்து, மீன்துறைக்குத் தெரியாமல் ஆம்ப்ரோஸ் டோபி அந்தச் செடாரை மறைத்து வைத்தார் என்று வெளியூரிலிருந்து வருபவர்களிடம் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. மழை வந்தது, வின்ச் வண்டி இல்லை, கீழே ஒரு புகைக்குடில் இருந்தது. கட்டினார். துப்பாக்கி கிடையாது. மூன்றாவது கிளாம்பின் நட்டு கோணலாக இருந்தது அவர் தவறு அல்ல.